கேஜ் ரூமில் சந்தனம்

மகளிர் தினத்துக்கு வந்து பேச வேண்டும் என்று என் பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. அங்கே என் முகம் தெரிந்தவர் வாட்ச்மேன் ஒருவர்தான். போனேன். வாசலிலேயே பேனர். என் படத்துக்குக் கீழே 'சாதனைப் பெண்மணி' என்று போட்டு, கடல் கடந்து வந்தவர் என்று வேறு எழுதியிருந்தார்கள். படத்தில் என் முகத்தை வெளுப்பாக்கி இருந்தார்கள், அதுதான் எனக்குக் கோபம். "பத்து நிமிஷம் பேசுங்க மேடம், அப்புறம் கேக் வெட்டணும்," என்றாள் ஒரு பெண். கேக்கின் மேல் ஈ உட்காராமல் ஒருவர் விசிறிக்கொண்டே நின்றார். அந்த அவசரத்தில் நானும் உழைப்பு, உறுதி, தன்னம்பிக்கை என்று யாருக்கும் உபயோகமில்லாத நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

பிறகு கேஜ் ரூமைக் காட்டினார்கள். கேஜ் ரூம் என்பது, செய்த பொருள் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கும் அறை. இப்போது கண்ணாடிக் கதவு, ஏசி, கம்ப்யூட்டர் என்று இருக்கிறது. பொருளை வைத்தால் அளவு தானாகத் திரையில் வருகிறது. பொறுப்பில் இருப்பவள் ரேவதி என்ற சின்னப் பெண். "மேடம், அந்தக் காலத்துல லேடீஸை பேக்கிங் தவிர வேற எங்கயும் விட மாட்டாங்களாமே. உங்களுக்கு மட்டும் எப்படி இந்த ரூமைக் குடுத்தாங்க?" என்றாள். அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். பதில் சொல்லாமலே வந்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொடுத்தார்கள் என்பது பாதிதான் சரி. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார்கள், நான் விடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் பிலோமினா. பிறந்தது சிலோன் மலைநாட்டில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். என் கொள்ளுத்தாத்தா காலத்தில் திருச்சிப் பக்கமிருந்து அங்கே போனவர்கள் நாங்கள். இரண்டு நாட்டுக்காரர்களும் பேசி முடித்து எங்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அப்பா அங்கேயே தவறிவிட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அம்மாவும் ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கினோம். 'தாயகம் திரும்பியோர்' என்று எங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். நான் ஒரு நாளும் பார்த்திராத ஊருக்கு எப்படித் திரும்பி வருவது என்று எனக்கு விளங்கவில்லை.

சர்க்கார் எங்களைத் தங்கவைத்த முகாமில் எங்களைப் போன்றவர்களுக்கு நீலகிரியில் தேயிலைத் தோட்ட வேலை தருவதாகச் சொன்னார்கள். எங்களோடு வந்திருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, உடனே சரியென்று கோத்தகிரிக்குப் போய்விட்டார். நான் மாட்டேன் என்றேன். அம்மாவின் முதுகில் தொங்கும் கூடையையும் அட்டை கடித்த காலையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். கடல் தாண்டி வந்தும் அதே கொழுந்தைத்தான் கிள்ள வேண்டும் என்றால் கடல் தாண்டியிருக்கவே வேண்டாம்.

"எங்க போயி என்னாடி செய்யப் போற?" என்று அம்மா அழுதாள்.

"தெரியாதும்மா. தேயிலை இல்லாத ஊரா இருந்தா போதும்."

தேயிலை இல்லாத ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அப்பாவோடு தோட்டத்தில் வேலை செய்தவர், எங்களுக்கு முன்பே வந்து ஆவடி சேக்காட்டில் குடியிருந்தார். அவர் வீட்டில் வந்து இறங்கி, பிறகு திருமுல்லைவாயிலில் ஓர் அறை பார்த்துக்கொண்டோம். அம்மா இட்லி அவித்து விற்றாள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், டீசல் பம்புக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவதுதான் வேலை. எல்லோரும் என்னை 'சிலோன்' என்றே கூப்பிட்டார்கள். ரேடியோவில் சிலோன்காரர்கள் பேசுவார்களே, அப்படிப் பேசிக் காட்டு என்பார்கள். நான் பேசியது தோட்டத்துத் தமிழ், கிட்டத்தட்ட திருச்சிக் கிராமத்துத் தமிழ். அவர்களுக்கு ஏமாற்றமாகப் போய்விடும்.

வருஷத்துக்கு ஒரு முறை மாமா கோத்தகிரியிலிருந்து வருவார். ஒரு பை தேயிலையோடு வந்து, அங்கே என் பெயரில் இன்னும் இடம் இருக்கிறது, ஆள் எடுக்கும் பெரிய கங்காணியிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்பார். அம்மா என் முகத்தைப் பார்ப்பாள். நான் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுவேன்.

கேஜ் ரூமுக்கு ஆள் வேண்டும் என்று பேச்சு அடிபட்டபோது நானே போய்க் கேட்டேன். அங்கே பெரியவர் சேஷாத்ரி சார். ஒல்லியான மனிதர், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். பியூனிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் 'நீங்க'தான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யார் எந்த அளவைச் சொன்னாலும் சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். "இன்னொரு தரம்," என்பார். அவ்வளவுதான். பெரிய பெரிய ஆபரேட்டர்களெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்கு வியர்ப்பார்கள்.

என் கையில் 'பின்' என்கிற, பம்புக்குள் போகும் சின்ன உருக்குத் தண்டு ஒன்றையும் அதன் பருமனை அளக்கும் மைக்ரோமீட்டரையும் கொடுத்து, எப்படிப் பிடிப்பது, எங்கே படிப்பது என்று காட்டினார். அளந்து சொன்னேன். இன்னொரு தரம் என்றார். சொன்னேன். இன்னொரு தரம். இந்த முறை கடைசி எண் மாறியிருந்தது.

"இப்ப வேற வருதுங்க சார்."

"ஏன்?"

"தெரியலைங்க. ஆனா வர்றது அதுதான்."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதுக்கு முன்னாடி வந்தவா எல்லாரும் கடைசி வரைக்கும் ஒரே நம்பரைச் சொன்னா. கைச் சூட்டுல பின் கொஞ்சம் பருத்திருக்கு. பார்த்ததைச் சொன்னேளே, அது போதும். நாளையிலேர்ந்து வாங்கோ," என்றார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வாய் கொஞ்சம் நீளம். "ஒரு கண்டிஷன் சார்," என்றேன். "ரூமுக்கு யார் வந்தாலும் டீ கொண்டு வர்ற வேலை மட்டும் நான் செய்ய மாட்டேன்." ஆபீசில் இருந்த ஒரே பெண் டைப்பிஸ்ட். விருந்தாளி வந்தால் டைப் அடிப்பதை விட்டுவிட்டு அவள்தான் தட்டை ஏந்திக்கொண்டு ஓடுவாள். அதை நான் பார்த்திருந்தேன். சார் மைக்ரோமீட்டரைத் துடைத்து உறையில் வைத்தார். "நான் காப்பிதான் சாப்பிடுவேன். அதையும் நானே போய் சாப்ட்டுக்கறேன்," என்றார். சிரித்தாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகான சில வருஷங்களை நான் நீட்டப்போவதில்லை. ஆவடியில் மாலை வகுப்பில் சேர்ந்து படித்தேன், பரீட்சை எழுதினேன், ஒரு முறை தேறாமல் மறுபடி எழுதினேன். ரயிலில் நின்றுகொண்டே சூத்திரங்களை மனப்பாடம் செய்தேன். படிக்கிற எல்லோரும் செய்வதுதான்.

ஆனால் கேஜ் ரூமின் காலை வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் கை கழுவ வேண்டும், சோப்புப் போட்டு. கழுவிய கையைத் துடைத்து, ஈரம் முழுக்கக் காயும்வரை எதையும் தொடக் கூடாது. பிறகு கம்பாரேட்டர். அது ஒரு கல் மேடையில் நிற்கும் அளவுக்கருவி. கீழே பொருளைத் தொடும் ஒரு முனை, மேலே கடிகார முகம் போல ஒரு டயலும் முள்ளும். அதற்குத் தானாக எந்த அளவும் தெரியாது. முதலில் 'மாஸ்டர்' என்கிற சின்ன உருக்கு உருளையை முனைக்கடியில் வைத்து, இதுதான் சரியான பருமன் என்று காட்ட வேண்டும். அங்கே டயலைச் சைபருக்குத் திருப்ப வேண்டும். அதன் பிறகு வைக்கிற ஒவ்வொரு பின்னும் மாஸ்டரை விடத் தடிப்பா மெலிசா என்று முள் காட்டும். ஒரு தலைமுடியை எழுபது எண்பதாகப் பிளந்தால் எவ்வளவோ, மைக்ரான் என்கிற அந்த அளவைக்கூடச் சொல்லிவிடும். மாஸ்டர் பொய் சொன்னால் கம்பாரேட்டரும் பொய் சொல்லும், நாள் முழுக்க அத்தனை பின்னும் பொய்யாகிவிடும். அதனால் மாஸ்டரை வெறும் விரலால் தொடக் கூடாது. பெட்ரோலில் கழுவி, மெல்லிய தோலில் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் வைக்க வேண்டும். சேஷாத்ரி சார் இதையெல்லாம் செய்வதைப் பார்த்தால் பூஜை செய்கிற மாதிரி இருக்கும்.

எண்பதுகளின் பின்பாதியில் கம்பெனி பெரிதாகி, சாருக்கு மூன்று ஷெட்டையும் பார்க்க வேண்டி வந்தது. கேஜ் ரூமை என்னிடம் விடலாம் என்றார். மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. கிரைண்டிங் மேஸ்திரி முனுசாமியும் ஒப்புக்கொள்ளவில்லை. முனுசாமி மேஸ்திரி பின்களைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரும் மெஷின்களுக்குப் பெரியவர். கொரட்டூரில் நெல் விளைந்த காலத்தில் அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்டவர். மகன் கிரைண்டிங் மெஷினைத் தொட்டுப் பார்த்தே என்ன கோளாறு என்று சொல்வார். எஸ்டேட்டில் பாதிப் பேர் அவரிடம் தொழில் கற்றவர்கள்.

"நாங்க தேச்சு குடுக்கறத ஒரு பொம்பள, அதுவும் சிலோன்லேர்ந்து வந்தது, வேணாம்னு தள்ளுமா? இன்னா சார் இது," என்று என் எதிரிலேயே கேட்டார்.

கடைசியில் மேனேஜர் சொன்னது இது: தற்காலிகமாக இருக்கட்டும், பெரிய தப்பு ஒன்று வந்தால் மறுபடி பேக்கிங்தான். என்னையும் கூப்பிட்டு அதையே சொன்னார். நான் சரி என்றேன். மறுபடி பேக்கிங் என்றால் எனக்கு என்னவென்று அவருக்குத் தெரியாது. பேக்கிங்கைக் காண்டிராக்டில் விடப்போவதாக ஏற்கெனவே பேச்சு இருந்தது. அதுவும் போனால் அம்மாவின் இட்லிச் சட்டியை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது? மாமா சொல்லி வைத்த இடம் அங்கே மலையில் காத்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேறெந்தப் பண்டிகையும் இதற்குக் கிட்டே வராது. முதல் நாளே ஷெட்டைக் கழுவி, மெஷின்களைத் துடைத்து, மாவிலை கட்டி, வாழைக்கன்று நட்டு, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போடுவார்கள். ஸ்பேனர், சுத்தியல், உளி வரை எதையும் விட மாட்டார்கள். வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். எங்கள் கம்பெனியில் மட்டும் ஒரு வழக்கம், பூஜை நாளில் பெண்களுக்கு லீவு. ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்பார்கள். அதோடு நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள் வேறு. அன்றும் மறுநாள் விஜயதசமிக்குமாக அம்மாவும் நானும் சேக்காட்டுக்குப் போயிருந்தோம்.

விஜயதசமியன்று நல்ல நாள் என்று மெஷினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துவது வழக்கம். அந்த வருஷம் நிறுத்தவில்லை. ஒரு பெரிய கம்பெனி முதன்முதலாக எங்களிடம் பின் கேட்டிருந்தது. இந்த முதல் லாட், அதாவது முதல் தடவை அனுப்பும் சரக்கு, பிடித்துப்போனால் வருஷம் முழுக்க வேலை இருக்கும். நல்ல நாளில் தொடங்கியது நல்லபடி முடியட்டும் என்று அன்று முழு ஷிப்டும் ஓட்டிவிட்டார்கள்.

மறுநாள் நான் உள்ளே போனபோது பின்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு தட்டின் மேலும் ஒரு சாமந்திப்பூ. மதியம் லாரி வரும், பார்த்து அனுப்பிவிடு என்றார்கள். கை கழுவிவிட்டு நாலைந்து பின்களை எடுத்து மைக்ரோமீட்டரில் பார்த்தேன். எல்லாமே ஒரு பொட்டு தடிப்பு. கம்பாரேட்டரில் வைத்தால் முள் சைபரில் ஆடாமல் நிற்கிறது. இன்னொரு தரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பார்த்தேன். அதே கதைதான். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

மாஸ்டரை எடுத்தேன். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. வெளிச்சத்தில் திருப்பினால் ஒரு பக்கம் மங்கலாக, மூச்சு பட்ட கண்ணாடி போல இருந்தது. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன். சந்தன வாசனை.

யாரோ மாஸ்டருக்குச் சந்தனம் வைத்திருக்கிறார்கள். மறுநாள் கழிவுப் பனியன் துணியால் துடைத்துவிட்டு அப்படியே முனைக்கடியில் வைத்திருக்கிறார்கள். துடைத்தது கண்ணுக்குத் துடைத்தது, மெல்லிய பூச்சு அப்படியே காய்ந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பூச்சின் தடிப்போடு சேர்த்து இதுதான் சரியான பருமன் என்று கம்பாரேட்டருக்குக் காட்டிவிட்டார்கள். அன்று தேய்த்த அத்தனை பின்னும் அந்தப் பூச்சின் அளவுக்குத் தடிப்பு. பம்புக்குள் போகாது. போனாலும் பிடித்துக்கொள்ளும்.

லாட்டை நிறுத்தினால் கேஜ் ரூம் பெண் பொறுப்புக்கு வந்ததும் முதல் லாட்டே போச்சு என்பார்கள். ஏன் தப்பு என்று கேட்டால், நீங்கள் கும்பிட்ட சந்தனம்தான் காரணம் என்று ஒரு சிலோன்காரி, ஒரு வேதக்காரி, அந்த ஷெட்டில் நின்று சொல்ல வேண்டும். எப்படிப் போனாலும் ரூம் என் கையை விட்டுப் போகும் போலத்தான் இருந்தது. மாஸ்டரைத் தோலில் சுற்றி எடுத்துக்கொண்டு நேராக முனுசாமி மேஸ்திரியிடம் போனேன்.

"அண்ணே, இதுக்குச் சந்தனம் வச்சது யாருங்க?"

"நான்தான். ஏன்?"

"இதைத் தொடக் கூடாதுன்னு தெரியும்தானே."

"இன்னாம்மா பேசற. மெஷினுக்கு வெக்கறோம், சுத்திக்கு வெக்கறோம், தொடப்பத்துக்குக் கூட வெக்கறோம். எல்லாத்துக்கும் தலையே இதான்னு உங்க சாரே சொல்லிகினு கீறாரு. தலைக்கு வெக்காம வாலுக்கு வெச்சா சாமி ஏத்துக்குமா?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே மாஸ்டருக்கு மரியாதை செய்திருக்கிறார். பின்கள் தடித்திருப்பதைக் காட்டினேன். அவரே ஒன்றை எடுத்து விரலுக்குள் உருட்டினார். மைக்ரோமீட்டரில் பார்த்தார். முகம் மாறிவிட்டது. பிறகு என்னை மெஷினுக்குப் பின்னால் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"ஒண்ணு பண்ணு. தேய்க்கற வீலு தேஞ்சு போச்சு, மேஸ்திரி பாக்காம வுட்டுட்டான்னு சொல்லிரு. என் மேல போட்டுக்கோ. நான் பாத்துக்கறேன்."

"நீங்க செய்யாத தப்பை எதுக்கு உங்க மேல போடணும்?"

"சாமி பேரு இதுல வர வாணாம்மா. வந்தா நல்லா இருக்காது. உனக்கும் நல்லா இருக்காது."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதை ஏற்றுக்கொண்டிருந்தால் ரூமும் தப்பியிருக்கும், யாருக்கும் மனவருத்தமும் வந்திருக்காது. ஆனால் வீலை மாற்றுவார்கள், அடுத்த வருஷமும் மாஸ்டருக்குச் சந்தனம் வைப்பார்கள். என்னால் முடியாது என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் அறையில் நாங்கள் நாலு பேர். மேனேஜர், சேஷாத்ரி சார், மேஸ்திரி, நான். மேனேஜர் நெற்றியில் அன்றும் பூஜைக் குங்குமம் இருந்தது. நான் லாரியைத் திருப்பி அனுப்பிய கோபம் அவருக்கு.

"என்ன காரணம்?" என்றார் என்னைப் பார்த்து.

"மாஸ்டர்ல சந்தனம் இருந்திச்சு சார்."

"சாமி கும்பிட்டதால லாட் கெட்டுப் போச்சுன்னு சொல்றீங்களா?"

"சாமியால கெடலைங்க. சரியா துடைக்காததால கெட்டிச்சு."

"உங்களுக்கு இந்த வழக்கமெல்லாம் பிடிக்காதுன்னா அதை வேற இடத்துல வச்சுக்கங்க. இவ்வளவு வருஷமா பூஜை நடக்குது. இப்பதான் கெட்டுப் போகுதா?"

எனக்குப் பயத்தை விடக் கோபம் பெரிதாகிவிட்டது. மேசை மேல் தோலை விரித்து மாஸ்டரை வைத்தேன். "பிடிக்குது பிடிக்கலைன்னு நான் சொல்லவே இல்லைங்க சார். நான் பார்த்ததைத்தான் சொல்றேன். நீங்களே மோந்து பாருங்க," என்றேன்.

அவர் தொடவில்லை. சேஷாத்ரி சார்தான் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"இந்த வருஷம் ரூமைத் திறந்துவிட்டது நான் சார்," என்றார் மேனேஜரிடம். "முனுசாமி பொட்டு வெச்சப்போ செருப்பைக் கழட்டிட்டுப் பக்கத்துல நின்னு சேவிச்சேன். வேண்டாம்னு சொல்லத் தோணலை. இவா சொல்றது சரி. மறுநாள் பெட்ரோல் போட்டு அலம்பிட்டு வைங்கோன்னு நான் சொல்லியிருக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெறும் விரல் பட்டாலே முகம் சுளிப்பவர், அன்று கை கூப்பி நின்றிருக்கிறார். சாமி எதிரில் நின்றபோது மைக்ரான் அவருக்கு மறந்துபோயிருக்கிறது. அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை, பாசம்தான் கூடியது.

மேனேஜர் மேஸ்திரியைப் பார்த்தார். "ஆமா சார், நான்தான் வெச்சேன்," என்றார் முனுசாமி. என் பக்கம் திரும்பவே இல்லை. "தடிச்சுதானே கீது. மெலிஞ்சிருந்தா காயலான் கடைக்குத்தான் போவணும். தடிப்பு தேச்சா போயிடும். நாளைக்கு சாயங்காலம் லாரிய வர சொல்லு சார்." சொல்லிவிட்டு வெளியே போனார்.

அது உண்மை. அத்தனை பின்னையும் மறுபடி தேய்த்தார்கள். மேஸ்திரியே மெஷினில் நின்றார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மறுநாள் லாட் போனது, பிடித்தும் போனது. அந்தக் கம்பெனி பல வருஷம் எங்களிடம் பின் வாங்கியது.

ஆனால் ரூம் என்னுடையது என்று ஆகிவிடவில்லை. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "லாட் விஷயத்துல நீங்க பண்ணது சரி. ஆனா ஷெட்ல ஆளுங்க கொதிச்சுப் போயிருக்காங்க. அடுத்த பூஜை வரைக்கும் பார்ப்போம். அப்பவும் இதே தகராறுன்னா ரூமை வேற யாருக்காவது குடுத்துடுவேன்," என்றார்.

"அப்ப அடுத்த பூஜைக்கு நான் வர்றேங்க சார்," என்றேன். "கேஜ் ரூம் என் பொறுப்புன்னா அதுல நடக்கற பூஜையும் என் பொறுப்புதானே."

பார்க்கலாம் என்றார்.

அந்த ஒரு வருஷம் லேசில் போகவில்லை. முனுசாமி மேஸ்திரி என்னிடம் அளவைத் தவிர வேறு பேச்சுப் பேசியதில்லை. "இன்னா வருது?" என்பார், நான் எண்ணைச் சொல்வேன், போய்விடுவார். அதுவரை சிரித்துப் பேசியவர்கள்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். மாமா அந்த முறை வந்தபோது அம்மாவே என்னிடம், "இங்க இவ்வளவு பகையைத் தேடிக்கிட்டு இருக்கணுமா?" என்று கேட்டாள். இரண்டு நாள் யோசித்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை, போய்விடலாமா என்று உண்மையிலேயே யோசித்தேன். பிறகு காலையில் எழுந்து ரயிலுக்குப் போய்விட்டேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

பூஜைக்கு முதல் நாள், மற்றவர்கள் மெஷின்களைக் கழுவும்போது நான் கேஜ் ரூமைக் கழுவினேன். மாஸ்டர்களையும் மற்ற அளவுக்கட்டைகளையும் பெட்ரோலில் அலசி, தோலில் துடைத்து, துருப் பிடிக்காத எண்ணெய் தடவி, தாளில் சுற்றி, அதனதன் தேக்குப் பெட்டியில் வைத்து மூடினேன். பெட்டிகளைத் துணி விரித்த மேசை மேல் வரிசையாக அடுக்கினேன். சேஷாத்ரி சார் வந்து பார்த்துவிட்டு, "பெட்டிக்கு மேலதான் பொட்டா?" என்றார். "மேலதாங்க சார். உள்ள இல்ல," என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அம்மாவின் நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். "வேளாங்கண்ணி மாதா கோவிச்சுக்க மாட்டாங்களாடி?" என்றாள் அம்மா. "கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்," என்றேன். பேக்கிங்கில் இருந்த இரண்டு பெண்களிடமும் நான் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவர்களும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கேட்டில் நின்றிருந்தார்கள். வாட்ச்மேன் எங்களைப் பார்த்தார், உள்ளே பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார்.

ஷெட்டில் தேங்காய் உடைத்து, மெஷின் மெஷினாகத் தீபம் காட்டி, கூட்டம் ஒவ்வோர் அறையாக வந்தது. கேஜ் ரூமில் நான் மட்டும் நின்றேன். முன்னால் சந்தனக் கிண்ணத்தோடு முனுசாமி மேஸ்திரி, அவருக்குப் பின்னால் கிரைண்டிங் ஆட்கள், அதற்கும் பின்னால் மேனேஜரும் சாரும். மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். மேசையைப் பார்த்தார். மூடிய பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தல எங்க கீது?" என்றார்.

"நடுவுல இருக்கற பெட்டிங்கண்ணே. உள்ள இருக்கு. எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். பெட்டி மேல வைங்க."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட உள்ளே வந்திருக்க மாட்டார். மேனேஜரும் அன்றே முடிவு செய்திருப்பார். மேஸ்திரி கையிலிருந்த கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு படியைத் தாண்டாமலே கையை நீட்டிக் கிண்ணத்தை என் பக்கம் கொடுத்தார்.

"நீயே வெய்ம்மா."

"நானாங்கண்ணே?"

"ரூமு உன்துதானே. ஊட்டுக்காரங்க கீறப்ப வெளியாளு வெக்கலாமா? வெய்யி."

பிறந்த லயம் தோட்டத்துக்காரனுடையது. முகாம் சர்க்காருடையது. சேக்காட்டு வீடு இன்னொருவருடையது, திருமுல்லைவாயில் அறைக்கு வாடகை. என்னை வீட்டுக்காரி என்று சொன்ன முதல் ஆள் முனுசாமி மேஸ்திரிதான். அழுதேன், மறைக்கவில்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கி, மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, நடுப் பெட்டியின் மூடி மேல் வைத்தேன். அதன் மேல் குங்குமம் வைத்தேன். மற்றப் பெட்டிகளுக்கும் வைத்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

திரும்பிப் பார்த்தால் எல்லோரும் இன்னும் படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் கூப்பிட வேண்டும் என்று. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவோரமாக விலகி நின்று, "உள்ள வாங்க," என்றேன்.